சயாமில் வைத்த பாக்கு

இரவு ஒன்பது மணி இருக்கும். அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வருகிற சாலை. ஆள் இல்லை, வண்டி இல்லை... ஒரு நாய் குரைத்தால்கூடத் துணை என்று தோன்றும். அந்த நாயும் இல்லை.

கொஞ்சம் பொறுங்கள். விளக்கை நடுவில் வையுங்கள். திரியை ஏற்றாதீர்கள், எண்ணெய் விடிகிறவரை வர வேண்டும். கடலைக் குவியலுக்குக் காவல் இருக்க வந்த வீரர்கள் எல்லோரும் என் போர்வைக்குள் நுழையப் பார்த்தால் எப்படி? நெருங்கி உட்காருங்கள், அது போதும். நடுவில் எவனுக்காவது ஒதுங்க வேண்டுமென்றால் தனியாகத்தான் போக வேண்டும். துணைக்கு நான் வர மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

இது நம் மதலைமுத்துவின் பெரிய மாமன் பாக்கியசாமிக்கு நடந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு முந்தின சித்திரை... இரண்டு வருடம்தான் ஆகிறது. பாக்கியசாமி இன்னும் இருக்கிறார். சந்தேகம் இருக்கிறவன் காலையில் சந்திரகிரி அடிவாரத்துக்குப் போய் அவரையே கேட்டுக்கொள்ளலாம். பதில் வராது.

அன்றைக்கு அவர் அவலூர்பேட்டைக்குப் போனது தம்பி கல்யாணத்துக்குச் சாமான் வாங்க. தம்பி பெயர் பால்சாமி. பெண் பனமலைப் பக்கம், மரியசெல்வி என்று பெயர். தவக்காலம் முடிந்து, பாஸ்காவும் முடிந்து, கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மறுவாரம் தாலி. தேங்காயையும் அரிசியையும் ஆள் மூலம் அனுப்பிவிட்டு, ஊரை அழைப்பதற்கான பாக்கு மூட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பாக்கியசாமி கரி பஸ்ஸில் ஏறினார். அந்தப் பஸ்ஸைத்தான் உங்களுக்குத் தெரியுமே. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே வரும். செஞ்சிக்கு இரண்டு மைல் இருக்கும்போது நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிண்டினான், உதைத்தான், அதன் அம்மாவைத் திட்டினான். கிளம்பவில்லை. மற்றவர்கள் பஸ்ஸிலேயே காலை நீட்டிவிட்டார்கள். பாக்கியசாமி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நல்ல நிலா. தூரத்தில் ராஜகிரி உச்சி தெரிகிறது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. சாலையில் புழுதி கணுக்கால் வரைக்கும். அந்தப் புழுதியில்... பின்னால் ஒரு சத்தம்.

சளக்... சளக்...

சேற்றில் கால் வைத்து எடுக்கிற சத்தம்.

பாக்கியசாமி நின்றார். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தார். வெள்ளையாகச் சாலை கிடக்கிறது, அவர் கால்தடம் மட்டும் வரிசையாகத் தெரிகிறது. நடந்தார். சளக்... சளக்... கூடவே ஒரு வாசனை. ஊறிப்போன மூங்கில், கார்பாலிக் தைலம், அதற்கு அடியில் கெட்டுப்போன சோறு. காய்ந்து வெடித்த நம் செஞ்சியில் அந்த வாசனை வர வழியே இல்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்த வாசனை. சயாம் காட்டில் மூன்று மழைக்காலம் அதற்குள்ளேயே படுத்து எழுந்தவர் அவர்.

அதைச் சொல்லாவிட்டால் மேலே புரியாது. சொல்லிவிடுகிறேன்.

அண்ணனும் தம்பியும் சண்டைக்கு முன்னால் மலாயாவுக்குப் போனவர்கள், ரப்பர்த் தோட்டத்துக்கு. ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றிச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அங்கே செத்தவர்களுக்குக் கணக்குக் கிடையாது. குழியும் கிடையாது. மூங்கில் கொட்டகையில் பால்சாமி மலைக்காய்ச்சலோடு விழுந்தான். இருபது வயசுப் பிள்ளை, பல்லைக் கிட்டித்துக்கொண்டு உதறினான். கொயினா மாத்திரை இருந்தால் பிழைப்பான். மாத்திரை மருந்துக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. அதற்குக் காவல் ஒரு ஜப்பான் சிப்பாய். இசாமு என்று பெயர். அவனுக்கும் அதே வயசுதான் இருக்கும். மீசை அரும்பவில்லை.

இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய் மட்டும். இசாமு முதலில் கேட்டது, ‘சுடா மக்கான்?’ சாப்பிட்டாயா என்று அர்த்தம். அந்தக் காட்டில் ஒரு கூலியைப் பார்த்து அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவன். பாக்கியசாமி அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். தம்பி உயிர் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பையனுக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. பேச்சு முழுக்க ஒரு மரத்தைப் பற்றித்தான். அவன் ஊரில் பனிக்காலம் முடிந்ததும் பூக்குமாம், சக்குரா என்று பெயராம். இலை வருவதற்கு முன்பே மரம் முழுக்கப் பூ. வெளுத்த ரோஸ் நிறம். ஜனங்கள் அதன் கீழே பாய் விரித்துச் சோறும் சாராயமும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்களாம். சில நாள்தான். அப்புறம் மொத்தமாக உதிர்ந்துவிடும். வாடி விழாது, நல்ல பூவாக இருக்கும்போதே விழும். இருக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் அதை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவன் அம்மா சொல்வாளாம்.

பட்டாளத்தில் அதே பூவுக்கு வேறு பாடம். வாடுவதற்கு முன் விழு. சண்டையில் விழுந்தவனெல்லாம் தலைநகரத்துப் பெரிய கோயில் மரத்தில் பூவாகப் பூப்பான். சிநேகிதர்கள் ஒரே கிளையில் சேர்ந்து பூப்பார்கள். அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார்களாம்.  இசாமுவுக்கு விழ இஷ்டமில்லை.

உன் ஊரில் அப்படி மரம் உண்டா என்று கேட்டான்.

பாக்கியசாமிக்கு நம் கல்லறைத் தோட்டத்து மூலையில் நிற்கிற புங்க மரம் ஞாபகம் வந்தது. அதுவும் சித்திரையில்தானே பூக்கிறது, அதுவும் வெளுத்த ரோஸ்தானே? உண்டு என்றார். இலை இருக்குமா என்றான். இலையே தெரியாது என்றார். பொய். புங்க மரத்தில் முக்கால்வாசி இலைதான். ஒரே நாளில் விழுமா என்றான். ஒரே ராத்திரியில், மழை மாதிரி என்றார். அதுவும் பொய். கீழே பாய் விரித்து உட்காருவீர்களா என்றான். கல்யாணமே அங்கேதான் என்றார். கல்லறைத் தோட்டத்தில் எவனாவது கல்யாணம் வைப்பானா? ஆனால் ஒவ்வொரு பொய்க்கும் பையன் முகம் மலர்ந்தது, உள்ளங்கையில் ஒரு மாத்திரை வந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் அந்த மரத்தில் தங்கமே காய்க்கிறது என்று சொல்லியிருப்பேன்.

பால்சாமி எழுந்து உட்கார்ந்தான். கஞ்சி கேட்டான். அந்த வாரமே மாத்திரை குறைவதை மேலதிகாரி கண்டுபிடித்துவிட்டான்.

கடைசியாகப் பார்த்தபோது இசாமுவின் ஒரு கண் மூடியிருந்தது. மறுநாள் விசாரணை. திருடினவனுக்கு அந்தப் பெரிய கோயிலில் இடம் கிடையாது, எனக்கு அங்கே கிளை இல்லை என்றான். அழவில்லை. உன் ஊர் மரத்தில் இடம் இருக்குமா என்று கேட்டான்.

 பாக்கியசாமி என்ன சொல்லித் தேற்றுவார்? மடியில் ஒரு கொட்டைப்பாக்கு இருந்தது, சயாம்காரி ஒருத்தி கொடுத்தது. அதை எடுத்து, நம் வழக்கப்படி இரண்டு கையாலும் பையன் கையில் வைத்து, “எந்தம்பி கண்ணாலத்துக்கு அவசியம் வந்துடு ராசா” என்று தமிழிலேயே சொன்னார். சொன்னது மலாயில் இல்லை. ஆனால் பாக்கு வைத்துவிட்டார். பாக்கு வைத்து அழைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் மருந்துக் கொட்டகைக்கு வேறு சிப்பாய்.

இப்போது சாலைக்கு வாருங்கள்.

சளக்... சளக்... பாக்கியசாமி ஓடவில்லை.  செபமாலை மந்திரத்தைப் பாதியில் விட்டு விட்டு மறுபடி ஆரம்பித்துக்கொண்டே நடந்தார். அடிவாரத்துக்குத் திரும்புகிற இடத்தில் கல்லறைத் தோட்டம். அங்கே வந்ததும் சத்தம் அவரைத் தாண்டி முன்னால் போயிற்று. தோட்டத்துக்குள் போயிற்று. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார்.

மூலையில் புங்க மரம்... காலையில் அந்த வழியாகப் போனபோது பச்சைப்பசேல் என்று நின்ற மரம். இப்போது ஒரு இலை இல்லை. கிளை தெரியாமல் பூ. நிலாவில் வெளுத்த ரோஸ்.

அடியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் தொப்பி. பிடரியில் வெயில் படாமலிருக்க ஜப்பான்காரன் தொப்பியில் ஒரு துணி தொங்கவிடுவான். அந்தத் துணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மூட்டை அவிழ்ந்து வழியெல்லாம் பாக்கு.

தங்கச்சி லூர்துமேரிதான் கதவைத் திறந்தாள். நம் மதலைமுத்துவின் அம்மா. கல்யாண வேலைக்காக வந்திருந்தாள். அண்ணனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார். கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார்.

“இன்னாண்ணே பேசற? மூணு ஓலையும் படிச்சாச்சு. பொண்ணு ஊட்டுக்காரங்க மூஞ்சில எப்டி முழிக்கறது?”

பால்சாமி எழுந்து வந்து கேட்டுவிட்டுச் சிரித்தான். ஆனால் இசாமு பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“அவன் வந்தா வரட்டுமேண்ணே. அவன் குட்த்த மாத்திரைலதான உசுரோட கீறேன். ஒரு எல போட்டு ஒக்கார வெச்சா இன்னா?”

“டேய், அவன் சாப்ட வர்லடா. அவங்க ஊர்ல ஒரே கெளைல சேந்து பூப்பாங்களாம்டா. தொணைக்கு ஆள் தேடி வந்துகீறான்.”

பால்சாமிக்கு அப்போது இருபத்து நாலு வயசு. காய்ச்சல் தின்ற உடம்பு தேறி, கன்னம் உப்பி, மயிர் சுருட்டிக்கொண்டு நின்றான். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும் என்று மதலைமுத்து சொல்வான். அன்றைக்கு விளக்கு வெளிச்சத்தில் பாக்கியசாமி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பூவாக இருக்கும்போதே விழ வேண்டும். அந்தப் பாடம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பகலில் ஊரே போய்ப் பார்த்தது. இலையில்லாமல் புங்கை பூத்தால் பஞ்சம் என்றார்கள், மழை என்றார்கள். வழக்கம்போல ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உபதேசியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றார். அவர் கழுத்தில் அப்பிய பூவைத் துடைத்துக்கொண்டே வேகமாகப் போனதை நாலு பேர் கவனித்தார்கள்.

அன்று பொழுது சாய்ந்ததும் பாக்கியசாமி யாருக்கும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போனார். ஒரு பாய், கொஞ்சம் சோறு, ஒரு பாக்கு. பாயை மரத்தடியில் விரித்தார். பாக்கை முன்னால் வைத்தார். தனக்குத் தெரிந்த மலாயெல்லாம் கூட்டிப் பேசினார். அழைத்தவன் நான், பொய் சொன்னவன் நான், மாத்திரை வாங்கினவன் நான். என்னைக் கூட்டிக்கொண்டு போ. அவனை விட்டுவிடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நடுச்சாமம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் ஊறின மூங்கில் வாசனை. பக்கத்தில் யாரோ உட்காருகிற சத்தம், துணி மடங்குகிற சத்தம்... மிக மெதுவாக, காதோரமாக,

“சுடா மக்கான்?”

கோபமே இல்லாத குரல். பாக்கியசாமிக்கு அதுதான் தாங்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறவனிடம் என்னத்தைச் சண்டை போடுவது? கண்ணை மூடிக்கொண்டு, கூட்டிக்கொண்டு போ, கூட்டிக்கொண்டு போ என்று அழுதார். பூ விழத் தொடங்கியது. மேலே கிளை சிலிர்க்கிற சத்தமும், பாயில் பூ விழுகிற சத்தமும் கேட்டன. எவ்வளவு நேரமோ... கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது. பாய் முழுக்கப் பூ. சோற்றுச் சட்டி நிறையப் பூ. கல்லறைச் சிலுவைகளின் தோளெல்லாம் பூ.

அவர் தலையில், தோளில், மடியில்... ஒன்றுகூட இல்லை.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயசு ஆள், பல் போய், தலை நரைத்து, சயாம் உறிஞ்சிப்போட்ட சக்கை. வாடினது வேண்டாம் என்றுவிட்டான் பையன். அந்த விடியலில் பாக்கியசாமி மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு கதறினாராம், மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கோடாலியை எடுத்துவந்தார். கோயில் மரம், வெட்டினால் சாமியார் கேட்பார், ஊர் கேட்கும் என்பதெல்லாம் நினைப்பிலேயே இல்லை. அன்று பகல் முழுக்க வெட்டினார். மறுநாளும் வெட்டினார். உள்ளங்கைத் தோல் உரிந்து கோடாலிப் பிடி சிவந்துபோயிற்று. தடுக்கப் போன உபதேசியாரை அவர் பார்த்த பார்வையில் உபதேசியார் பின்வாங்கிவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் மரம் சாய்ந்தது. பாக்கியசாமியும் வீட்டுக்கு வந்து, கோடாலியைப் போட்டுவிட்டு, தரையில் சாய்ந்தார். பழைய மலைக்காய்ச்சல் ஏறிக்கொண்டது. ஆனால் மனசு லேசாக இருந்தது. தம்பி பிழைத்தான் என்று நினைத்துக்கொண்டே தூங்கினார்.

இங்கேதான் பாருங்கள், நம் ஆட்களுடைய சாமர்த்தியம்.

வல்லத்திலிருந்து மாமன் மச்சான் எல்லோரும் மத்தியானம் வந்து இறங்கினார்கள். பந்தல் போட வேண்டும். புங்கந்தழை போட்ட பந்தல் குளிர்ச்சி, நம் பக்கம் எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான். தழைக்கு எங்கே போவது என்று பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு முழு மரம் வெட்டிக் கிடக்கிறது. பூ எல்லாம் கொட்டி, கிளை நுனியெல்லாம் புதுத் துளிர். யார் வெட்டியது? மாப்பிள்ளையின் அண்ணன் வெட்டியிருக்கிறார். பந்தலுக்கென்றுதான் வெட்டியிருக்கிறார் பாவம், காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று அவர்களே முடிவு கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்ல நேரான கிளையாகப் பார்த்துப் பந்தக்காலே அதில் நட்டார்கள். மேலே முழுக்க அந்தக் கிளைகள்.

பாக்கியசாமி கண் விழித்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். வெளியே மேளம். எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்.

பந்தலைப் பார்த்தார். பந்தலுக்குக் கீழே மணையில் தம்பியைப் பார்த்தார்.

அவர் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுபோயிற்று. “பிரிங்கடா! பந்தலப் பிரிங்கடா! டேய் பாலு, வெளிய வாடா!” என்று பந்தக்காலைப் பிடித்து ஆட்டினார். உரிந்த கையிலிருந்து ரத்தம் அதில் வழிந்தது. கல்யாண வீட்டில், தாலிக்கு முந்தின ராத்திரி, பந்தலைப் பிரி என்றால் யார் பிரிப்பார்கள்? உடம்பைத் தொட்டுப் பார்த்தார்கள், அனலாகக் கொதித்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் உள் அறையில் போட்டார்கள். லூர்துமேரி அழுதுகொண்டே கதவைச் சாத்தி நாதாங்கி போட்டாள்.

“கோச்சுக்காதண்ணே. காலைல தாலி கட்டினதும் தொறந்து உடறேன். உன் நல்லதுக்குத்தான்.”

“லூர்து, தொற. கால்ல உழறேன், தொற. அவன உள்ள கூப்ட்டுக்க, அது போதும்...”

அவள் போய்விட்டாள். அதை நினைத்து இன்றைக்கும் மார்பில் அடித்துக்கொள்கிறாள்.

கும்மாளம் எல்லாம் அடங்கியது. ஒவ்வொருவராகக் குறட்டை விட்டார்கள். மாப்பிள்ளை பந்தலிலேயே பாய் போட்டுப் படுத்தான், உள்ளே புழுக்கம் என்று. பாக்கியசாமி கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. காற்றுத்தான் வந்தது.

அப்புறம்...

சளக்... சளக்...

தெருப் பக்கமிருந்து. வாசலில் நின்றது. பந்தலுக்குள் வந்தது.

பாய் சரசரக்கிற சத்தம். யாரோ எழுந்து உட்காருகிறார்கள். தம்பியின் குரல், தூக்கக் கலக்கத்தில், கொஞ்சம் ஆச்சரியமாக,

“அட... வா, வா. ஒக்காரு.”

பதில் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத் தம்பியே சிரித்தான். வெகுநாள் கழித்துப் பார்த்த சிநேகிதனிடம் சிரிக்கிற சிரிப்பு. “சுடா, சுடா,” என்றான். சாப்பிட்டாயிற்று என்று.

அதற்கப்புறம் ஒரே ஒரு சத்தம்தான். பொத்... பொத் பொத்... பிறகு பிரித்தறிய முடியாமல், ஒரே சீராக. மழை என்று நினைத்தாளாம், அடுத்த அறையில் இதையெல்லாம் அரைத்தூக்கத்தில் கேட்டுப் புரண்டு படுத்த லூர்துமேரி.

பாக்கியசாமி கதவில் நகத்தால் கீறினார். அந்தக் கீறல் இன்னும் கதவில் இருக்கிறது. மதலைமுத்து எனக்குக் காட்டினான், நான் விரலை வைத்துப் பார்த்தேன்.

விடிந்ததும் பெண் வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் வண்டியிலிருந்து இறங்கின மரியசெல்விதான் முதலில் பார்த்தது. பந்தல் மேலே வெட்டிப் போட்ட கிளையில் ஒரு இலை இல்லை. எல்லாம் மொட்டைக் குச்சி. கீழே முழங்கால் அளவுக்குப் பூ. பால்சாமி பந்தக்காலில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் பூ, இமையில் பூ, கழுத்து வரைக்கும் பூ. கையால் வாரி வாரி எடுத்தார்கள். அத்தனை பூவில் வாடினது ஒன்று இல்லை. உடம்பு சில்லென்று இருந்தது. பாம்பு என்று சிலர், நெஞ்சுவலி என்று சிலர். மேலே ஒரு பல்தடம் கிடையாது, காயம் கிடையாது. முகத்தில் பயமும் கிடையாது.

அவனுக்குப் பக்கத்தில், பாயில், ஒரு இடத்தில் மட்டும் பூ இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்துபோன அளவு. அந்த இடம் ஈரமாக இருந்தது. சேறு.

மரியசெல்வி கூறைப்புடவையோடு வண்டியில் ஏறித் திரும்பிப் போனாள். பால்சாமியை அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள், வெட்டின அடிமரத்துக்குப் பக்கத்தில். பந்தலைப் பிரித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். பந்தக்காலை மட்டும் பிடுங்க முடியவில்லை. இரண்டு பேர் இழுத்துப் பார்த்தார்கள், நாலு பேர் இழுத்துப் பார்த்தார்கள். பிறகு தொடவே ஒருவனும் வரவில்லை.

மழை வந்ததும் அது துளிர்த்தது.

போன சித்திரையில் பூத்தது. இலை இல்லாமல். ஒரே ராத்திரியில் கொட்டியது, பாக்கியசாமி சொன்ன பொய் அத்தனையும் அப்படியே. காலையில் வாசல் முழுக்கப் பூ. அதில் இரண்டு இடம் மட்டும் வெறும் மண். பக்கத்தில் பக்கத்தில்... இரண்டு பேர் சம்மணம் போட்டுப் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோன மாதிரி.

இந்தச் சித்திரையிலும் அதேதான். இரண்டு வருடமும் பூ விழுகிற ராத்திரி பாக்கியசாமி அங்கே போய் மூன்றாவது ஆளாக உட்காருகிறார். பாய் விரிக்கிறார். இரண்டு கையாலும் பாக்கு வைக்கிறார். என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை, அந்த ராத்திரிக்குப் பிறகு குரல் திரும்பவேயில்லை, உதடு மட்டும் அசைகிறது. காலையில் லூர்துமேரி போய்க் கையைப் பிடித்து எழுப்புகிறாள். அப்போது பார்த்தால் கூரைமேல் பூ, கோழிக்கூண்டின்மேல் பூ, அவர் வைத்த பாக்கின்மேல் பூ.

அவர் மேல் ஒன்றுகூட இருப்பதில்லை.